சாரல் தொடங்கும் முன் புல்வெட்டும் மெஷினைப் பாருங்கள்

செங்கோட்டையில் சின்ன என்ஜின்களுக்குப் பட்டறை வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் காற்று இறங்கியதும் வாசலில் புல்வெட்டும் மெஷின்கள் வந்து நிற்கும். குற்றாலம், இலஞ்சி பக்கத்துத் தங்கும் விடுதிக்காரர்கள், மேக்கரைத் தோப்புக்காரர்கள், புளியரை தாண்டி ஆரியங்காவிலிருந்து வருகிறவர்கள், எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "அண்ணாச்சி, போன சீசன்ல நல்லா ஓடுச்சு. இப்போ கயிறு இழுத்து இழுத்து தோள்பட்டை போச்சு, ஸ்டார்ட் ஆகல."

மெஷினில் கை வைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் இதற்கு மேல் படிக்க வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். ஸ்பார்க் பிளக் மேல் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். தோட்ட வேலைக்குப் போகும் தம்பி ஒருவர் அடியில் அப்பியிருந்த ஈரப்புல்லைச் சுரண்டும்போது பிளேடைக் கையால் ஒரு சுற்று திருப்பினார். பிளேடு என்ஜின் தண்டிலேயே நேராக மாட்டியிருக்கிறது. அதைத் திருப்பினால் பிஸ்டனும் நகரும். சூடாக இருந்த என்ஜினுக்குள் பெட்ரோல் ஒரே ஒரு தடவை பற்றி வெடித்து, பிளேடு சுற்றிவிட்டது. இரண்டு விரல் நுனி போய்விட்டது. கைப்பிடியை விட்டால் என்ஜின் நிற்பதற்காக ஒரு கம்பி இருக்குமே, அதை அந்த மெஷினில் சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தயவுசெய்து அப்படிக் கட்டாதீர்கள். 18 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போகிறது.

சரி, ஸ்டார்ட் ஆகாததற்கு வருவோம். பெரும்பாலும் காரணம் டேங்கில் விட்டுவைத்த பழைய பெட்ரோல்தான். இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் ஊரில் ஈரத்துக்குக் குறைவா? தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலையும் சேர்த்துக்கொண்டு பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற கார்பரேட்டரின் கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் காட்டுவேன். அடியில் தனியாக ஒரு படலம் தெரியும். அதைப் பார்த்தபிறகு யாரும் என்னிடம் வாதாடியதில்லை.

சோக் (காற்றைக் குறைக்கும் மூடி) போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைந்துவிடுகிறது என்றால் ஜெட், அதாவது கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரும் நுண்துளை, அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நான்கு ஸ்ட்ரோக் மெஷின் பலவற்றில் இதை வீட்டிலேயே பார்க்கலாம். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியிலுள்ள ஒற்றை போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வந்துவிடும். உள்ளே பித்தளை ஜெட்டில் பச்சையாகவோ பழுப்பாகவோ பசை படிந்திருக்கும். கார்பரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிடுங்கள். ஊசியை விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும். மின்சார ஒயரில் ஒரே ஒரு செம்பு இழையை உருவி அதை விடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும்.

கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். வெண்புகை என்றால் ஆயில் அதிகம், இல்லையென்றால் மெஷினைத் தப்பான பக்கம் சாய்த்திருக்கிறீர்கள். சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம்தான் இருக்க வேண்டும்.

கல்லில் அடித்தபிறகு கயிறு கையைச் சுண்டி இழுக்கிறது என்றால் பிளக்கையும் பெட்ரோலையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. என்ஜின் தண்டில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தை நகராமல் பிடித்து வைத்திருக்கும் கீ என்ற சின்ன உலோகத் துண்டு நசுங்கி, ஸ்பார்க் வரும் நேரம் தப்பியிருக்கும். கீயின் விலை குறைவுதான், ஆனால் ஃப்ளைவீலைச் சுத்தியலால் அடித்துக் கழற்றப் போய் அதையே உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இதைப் பட்டறைக்கே கொண்டு வாருங்கள். மெஷின் அதிர்ந்தாலும் அப்படித்தான். பிளேடு வளைந்திருக்கலாம், தண்டே வளைந்திருக்கலாம், ஓட்டவே கூடாது. பிளேடை நீங்களே சாணை பிடித்தால், நடு ஓட்டையைச் சுவர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

தோப்பில் தோளில் மாட்டி அடிக்கும் பிரஷ் கட்டர் வேறு கதை. இரண்டு ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலந்தே ஆக வேண்டும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றி பிஸ்டனில் கோடு விழுந்து வந்த மெஷின்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும், ஏனென்றால் அது கூலிக்கு அடிக்கிறவரின் பிழைப்பு. அப்புறம், அதில் பிளேடு நட்டு பெரும்பாலும் இடதுமறை. கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையும் முடிந்து மெஷினை ஓரங்கட்டும் நாளில் டேங்கைக் காலி செய்யுங்கள். மிச்சமுள்ள பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அதை மூடிய கார் ஷெட்டுக்குள் செய்யாதீர்கள், திறந்த வெளியில் செய்யுங்கள். புகை கண்ணுக்குத் தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும்.