பேட்டி, நேர்காணல், செவ்வி

பிபிசியின் 'ஹார்ட் டாக்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி 1997-இல் தொடங்கி 2025 மார்ச்சில் நின்றுபோனது. ஒரு நாட்டின் அதிபரோ அமைச்சரோ எதிரே உட்கார்ந்திருப்பார். முதலில் டிம் செபாஸ்டியன், அவருக்குப் பின் நீண்ட காலம் ஸ்டீபன் சாக்கர், அரை மணி நேரம் விடாமல் கேள்வி கேட்பார்கள். உலக நடப்பை இப்படி ஒரே ஆளின் வாயிலிருந்து வரவழைக்கும் நிகழ்ச்சியைத் தமிழில் எப்படிச் சொல்வது? நாளிதழ்கள் 'பேட்டி' என்கின்றன. இலக்கிய இதழ்கள் 'நேர்காணல்' என்கின்றன. ஈழத்து ஊடகங்களிலும் புலம்பெயர்ந்தோர் ஊடகங்களிலும் 'செவ்வி' என்ற சொல் இயல்பாகப் புழங்குகிறது.

முதலில் இன்டர்வியூ. இது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். பிரெஞ்சில் அதன் மூல வினைக்கு 'ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது' என்று பொருள். 16-ஆம் நூற்றாண்டில் அரசரும் அரசரும் சந்தித்துக்கொள்வதைத்தான் ஆங்கிலேயர் இப்படிச் சொன்னார்கள். செய்தியாளர் கேட்க, ஒருவர் பதில் சொல்ல, அது அப்படியே அச்சாவது பின்னால் வந்த வழக்கம். 1859-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹொரேஸ் கிரீலி, சால்ட் லேக் சிட்டிக்குப் போய் மார்மன் சமயத் தலைவர் பிரிகாம் யங்கைச் சந்தித்தார். அதைக் கேள்வி பதிலாகவே தன் நாளிதழில் வெளியிட்டார். பத்திரிகை நேர்காணலின் வரலாற்றைச் சொல்பவர்கள் பலரும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

'பேட்டி' வடக்கிலிருந்து வந்தது. மராத்தியிலும் இந்தியிலும் உள்ள 'பேட்', 'பேண்ட்' என்ற சொற்களுக்குச் சந்திப்பு என்றும் பொருள், காணிக்கை என்றும் பொருள். அரசரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்ற வழக்கத்தில் இந்த இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'பேட்டி' இன்றும் சந்திப்புதான். தமிழில் மட்டும் அது ஊடகத்தோடு சுருங்கிவிட்டது. அப்புறம் இன்னும் தேய்ந்தது. விமான நிலையத்தில் ஒரு தலைவர் ஒலிவாங்கிகளுக்கு நடுவே நின்று நான்கு வாக்கியம் பேசிவிட்டு நகர்ந்தாலும் மறுநாள் தலைப்பு 'பரபரப்பு பேட்டி'தான். அதற்குச் 'செய்தியாளர் சந்திப்பு' என்ற நல்ல பெயர் இருக்கிறது. ஒருவர் அறிவித்துவிட்டுப் போவதற்கும், ஒருவரை உட்காரவைத்துக் கேட்பதற்கும் ஒரே சொல் போதாது.

'நேர்காணல்' தமிழ் வேர்களால் ஆனது: நேர், காண். ஒருவரை ஒருவர் காண்பது என்ற பழைய பிரெஞ்சுப் பொருளுக்கு இதைவிட நெருக்கமாக வர முடியாது. வேலைக்கு ஆள் எடுப்பதற்கும் சிலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு 'நேர்முகத் தேர்வு' இருக்கிறதே, அதை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது என்ற பொருள் எவ்வளவு சரி என்பதற்கு 2024 மார்ச்சில் ஒளிபரப்பான ஒரு ஹார்ட் டாக் போதும். தென் அமெரிக்க நாடான கயானாவின் கடலடி எண்ணெயை எடுத்தால் இருநூறு கோடி டன்னுக்கு மேல் கார்பன் வெளியாகுமே என்று சாக்கர் கேட்டார். அதிபர் இர்ஃபான் அலி அங்கேயே அவரை நிறுத்தினார். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேர்ந்த அளவுக்குத் தங்களிடம் காடு இருப்பதையும், அது 19.5 கிகா டன் (1,950 கோடி டன்) கார்பனைத் தேக்கி வைத்திருப்பதையும் சொல்லிவிட்டு, எங்களுக்குப் பாடம் நடத்த உங்களுக்கு என்ன உரிமை என்று திருப்பிக் கேட்டார். கேள்வி கேட்டவர் பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார். அந்தச் சில நிமிடங்கள் உலகம் முழுக்கப் பகிரப்பட்டன. 'பேட்டி கொடுத்தார்' என்று எழுதினால் இந்த மோதல் காணாமல் போகிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்த நிகழ்ச்சியோடு தொடர்பு உண்டு. 2004-இல் 'ஹார்ட் டாக் இந்தியா'வுக்காகக் பத்திரிகையாளர் கரண் தாப்பர் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவைக் கண்டார். உங்களோடு பேசியதில் மகிழ்ச்சியில்லை என்று சொல்லி, நமஸ்தேயோடு அவர் முடித்துக்கொண்டதைப் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இத்தகைய கேள்விகளை நம் செய்தித் தமிழ் 'கிடுக்கிப்பிடி' என்கிறது. ஹார்ட் டாக் என்பதற்கு 'வன்சொல்' என்று நேராகப் பெயர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். அந்த நிகழ்ச்சியின் கடுமை கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்வதில்தான் இருந்தது. வசைக்கு அதில் இடமில்லை.

சரி, 'செவ்வி'க்கு வருவோம். செவியோடு இதற்குத் தொடர்பில்லை. செம்மை என்பதன் உறவான இச்சொல்லுக்குப் பக்குவம், தக்க நேரம், அழகு எனப் பல பொருள்கள் உண்டு. நமக்கு வேண்டியது குறள் 565-இல் இருக்கிறது:

அருஞ்செவ்வி இன்னா முகத்தான் பெருஞ்செல்வம்
பேஎய்கண் டன்னது உடைத்து.

எளிதில் காண முடியாதவனாக, கண்டாலும் கடுகடுத்த முகத்தோடு இருப்பவனின் பெருஞ்செல்வம் பேயின் பார்வையில் இருப்பது போன்றது என்கிறார் வள்ளுவர். இங்கே செவ்வி என்பது ஆள்பவன் தன்னைக் காண வருவோருக்கு ஒதுக்கும் நேரம். அதிகாரத்தில் இருப்பவர் எதிரே வந்து உட்கார்ந்து கேள்விக்கு ஆட்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஈழத் தமிழர் இதைப் புழக்கத்தில் வைத்திருப்பதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

'வேர்ல்ட் அஃபேர்ஸ்' என்பதற்குச் சொல்லப்படும் 'உலக விவகாரம்' பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சுத் தமிழில் விவகாரம் என்றாலே தகராறு. 'உலக நடப்பு' தெளிவாக இருக்கிறது.

பொதுப் பயன்பாட்டுக்கு என் தேர்வு 'நேர்காணல்'. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் உடனே புரியும். ஆனால் அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கேட்பவரை 'நேர்கண்டவர்' என்று சொல்லிவிடலாம், பதில் சொல்பவரை 'நேர்காணப்பட்டவர்' என்றால் வாய் இடறுகிறது. அந்த இடத்தில் செவ்வியை எடுத்துக்கொள்ளலாம்: சாக்கர் செவ்வி கண்டவர், இர்ஃபான் அலி செவ்வி தந்தவர்.