பூக்காத ஆண்டுகளிலும் குறிஞ்சிக்கு இடம் வேண்டும்

கொடைக்கானல் பக்கம் புல்வெளி மீட்புப் பணியில் இருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "குறிஞ்சி எப்போ பூக்கும்?" என்பதுதான். 2006, 2018, அடுத்தது 2030. இதைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்கும் செடியைக் காட்டினால், "இதுவா?" என்று நகர்ந்துவிடுகிறார்கள். சொரசொரப்பான இலையுடன் நிற்கும் சாதாரணப் புதர். பூ இல்லாவிட்டால் யார் கண்ணிலும் படாது. அது இடம் இழந்ததெல்லாம் பெரும்பாலும் இப்படி யாரும் கவனிக்காத ஆண்டுகளில்தான்.

நீலக்குறிஞ்சி தென்னிந்திய மலைகளுக்கே உரியது. சுமார் 1,300 மீட்டருக்கு மேல், சோலைக்காட்டை (மலை மடிப்புகளில் இருக்கும் பசுமை மாறாக் காடு) ஒட்டிய புல்வெளிச் சரிவுகளில் வளரும். பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை விட்டு மடிந்துவிடும். ஆகவே பூத்த கிளையை ஒருவர் ஒடித்துக்கொண்டு போனால், அந்தக் கிளையின் விதைக்கு மறு வாய்ப்பே கிடையாது. மடிந்த செடிகளுக்கடியில் நாற்று முளைக்கும் சமயத்தில் தீ வைத்தாலோ, ஒரு சரிவின் மொத்தத் தலைமுறையும் போய்விடும். 2024-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இது சேர்க்கப்பட்டது.

பறித்தலைவிடப் பெரிய கேடு, இடமே பறிபோனது. மரமில்லாத நிலம் வீண் என்ற எண்ணம் வெள்ளைக்காரர் காலத்தில் வேரூன்றி, சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. தேயிலை, யூகலிப்டஸ், பைன் என்று சரிவுகள் ஒவ்வொன்றாக மாறின. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரம்தான் இதில் மோசம். நட்ட இடத்தோடு நிற்காமல் புல்வெளிக்குள் தானாகவே பரவுகிறது.

சரி, வெட்டிவிடலாமே என்பார்கள். சீகை விதை மண்ணுக்குள் பல பத்து ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரே மூச்சில் மரங்களை வெட்டினால் வெயில் தரையில் விழும். அடுத்த மழைக்குக் கால் வைக்க இடமில்லாமல் சீகைக் கன்று முளைத்து நிற்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, விரலளவுக் கன்றை அடியில் பிடித்து மெதுவாக இழுத்தால் வேரோடு வந்துவிடும். ஒரு வருஷம் விட்டுவிட்டால் மண்வெட்டி தேவைப்படும். அதனால் ஆண்டுதோறும் பிடுங்க வேண்டியிருக்கிறது. சீகை நிழலில் சோலைமரக் கன்றுகள் வளர்ந்துவிட்ட இடங்களில் மட்டும் கை வைப்பதில்லை. அங்கே சோலை மீள்வதுதான் நல்லது.

அப்புறம், மரக்கன்றுகளோடு மலைக்கு வரும் பள்ளிகளும் அமைப்புகளும். நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் புல்வெளியில் எந்த மரத்தை நட்டாலும் அது குறிஞ்சியின் வெயிலைத்தான் எடுத்துக்கொள்ளும். கன்றுகளை ஊரிலேயே நட்டுவிட்டு, நல்ல மழைக்கு அடுத்த வாரம் வெறும் கையோடு வாருங்கள். பிடுங்கச் சீகை நிறைய இருக்கிறது.