மிக்கி மவுஸ் ஃப்ரீ ஆகிவிட்டதா?

ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத் தொலைபேசியில் ஒரே கேள்விதான். “சார், மிக்கி மவுஸ் ஃப்ரீ ஆயிடுச்சாமே, டி-ஷர்ட்ல போட்டுக்கலாமா?” 2024-இல் ஆரம்பித்தது இது. 2025-இல் பாப்பாய்க்காகக் கேட்டார்கள், 2026-இல் பெட்டி பூப்புக்காக. கேட்பவர்களில் ஒரு பகுதியினர் பழைய கார்ட்டூன்களைத் தமிழில் டப் செய்து யூடியூபில் போடுபவர்கள். இன்னொரு பகுதியினர் திருப்பூர் பக்கம் பிரிண்டிங், பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்கள். பதிப்புரிமை, டிரேட்மார்க் வழக்குகளே என் பிழைப்பு என்பதால் இரண்டு தரப்பும் என்னிடம் வருகிறது. பெரும்பாலும் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு.

அவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: பதிப்புரிமைக் காலம் முடிந்து, யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்தாவது (பப்ளிக் டொமைன்) ஒரு குறிப்பிட்ட ஆண்டில் வந்த ஒரு குறிப்பிட்ட படம். அந்தப் பாத்திரத்தின் முழு வாழ்க்கையும் அதோடு வந்துவிடாது.

மிக்கியையே எடுத்துக்கொள்வோம். 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி தியேட்டரில் ‘ஸ்டீம்போட் வில்லி’ திரையிடப்பட்டது. வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் சேர்ந்து இயக்கிய படம். அமெரிக்காவில் அந்தக் காலத்துப் படங்களுக்கு 95 ஆண்டு பாதுகாப்பு. 2023 டிசம்பரோடு அது முடிந்து, 2024 ஜனவரி 1 முதல் படம் எல்லோருக்கும் பொது. அதில் வரும் மிக்கியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கறுப்பு வெள்ளை. கையில் கையுறை கிடையாது. கண் வெறும் கரும்புள்ளி. குணத்திலும் இன்றைய சமர்த்து மிக்கி இல்லை. மின்னியின் இசைத்தாளை ஆடு மென்று விழுங்கிவிட, அதன் வாலைப் பிடித்து கிராமஃபோன் சாவியைப் போலச் சுற்றுகிறார்கள். ஆட்டின் வாயிலிருந்து பாட்டு வருகிறது. மாட்டின் பல்வரிசையைத் தட்டி வாசிப்பதும் இதே மிக்கிதான். பொதுவுக்கு வந்தது இந்த எலி. வெள்ளைக் கையுறை 1929 படங்களில்தான் வருகிறது. ஆக அதற்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குள் பாவை வைத்த மிக்கி 1940-ஐ ஒட்டி வந்தவர். அவர் இன்னும் டிஸ்னியின் வீட்டுப் பிள்ளைதான். கூகுளில் தேடியதும் முதலில் வந்து நிற்கும் படமும் அவருடையதுதான். சிக்கிக்கொள்பவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தை எடுத்தவர்கள்.

அதற்கு மேல் டிரேட்மார்க், அதாவது சரக்கு யாருடையது என்று காட்டும் வணிக அடையாளம், என்று ஒன்று இருக்கிறது. பதிப்புரிமைக்கு ஆயுள் உண்டு. புதுப்பித்துக்கொண்டே பயன்படுத்தும்வரை டிரேட்மார்க்குக்கு ஆயுள் முடிவதில்லை. மிக்கி சீட்டியடித்தபடி கப்பல் சக்கரத்தைத் திருப்பும் காட்சியை 2007 முதல் டிஸ்னி தன் அனிமேஷன் ஸ்டூடியோவின் அடையாளமாகவே காட்டி வருகிறது. சும்மா காட்டவில்லை, கணக்குப் போட்டுத்தான். அதற்காக ஒரேயடியாகப் பயப்படவும் வேண்டாம். பதிப்புரிமை முடிந்த படைப்பை டிரேட்மார்க் சட்டத்தைக் கொண்டு பின்வாசல் வழியாகப் பூட்ட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-இல் டாஸ்டார் வழக்கில் சொல்லிவிட்டது. சட்டையின் மார்பில் 1928 காட்சியைப் படமாக அச்சிடுவது ஒன்று. கழுத்துப் பட்டியில், தொங்கும் அட்டையில், கடைப் பெயர்ப் பலகையில் மிக்கியைப் போட்டு டிஸ்னி சரக்கு என்று வாங்குபவரை நினைக்க வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாக வாதாட என்னிடம் வருகிறார்கள்.

95 ஆண்டு கணக்கு ஒரு வழி என்றால், அதற்கு முன்பே பொதுவாகிப்போன கார்ட்டூன்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அந்தக் கதை எனக்கு எப்போதும் பிடித்தது. பழைய அமெரிக்கச் சட்டப்படி உரிமை முதலில் 28 ஆண்டுதான். 28-ஆவது ஆண்டில் விண்ணப்பம் போட்டுப் புதுப்பித்தால்தான் அடுத்த தவணை. 1963 வரை வெளியான படங்கள் எல்லாவற்றுக்கும் இந்த விதி. கம்பெனிகள் கைமாறின, கோப்புகள் தொலைந்தன, சின்னப் படம்தானே என்று விட்டார்கள். 1941 முதல் 1943 வரை வெளியான சூப்பர்மேன் குறும்படங்கள் 17. முதல் 9 படங்களை ஃப்ளைஷர் ஸ்டூடியோவும் மீதியை ஃபேமஸ் ஸ்டூடியோவும் செய்தன. வேலைப்பாட்டில் இன்றும் கண்ணைப் பறிப்பவை. 17-க்கும் யாரும் புதுப்பிக்கவில்லை. 1939-இல் வந்த ஃப்ளைஷரின் முழுநீளப் படம் ‘கலிவரின் பயணங்கள்’, பக்ஸ் பன்னி வரும் ‘எ கார்னி கான்செர்டோ’, ‘ஃபாலிங் ஹேர்’ போன்ற 1943 படங்கள், குட்டிப் பேய் காஸ்பரின் 1945 முதல் படம் என்று இந்த வரிசை நீளும். பேப்பர் வேலையில் புலி என்று பெயரெடுத்த டிஸ்னியே 1933-இன் ‘தி மேட் டாக்டர்’ என்ற மிக்கி படத்தைக் கோட்டை விட்டது.

இங்கேதான் கால் இடறும் இடம். சூப்பர்மேன் குறும்படம் பொதுவானது. சூப்பர்மேன் பொதுவானவர் அல்ல. அவர் 1938-இல் காமிக்ஸில் பிறந்தவர், அந்தக் காமிக்ஸின் உரிமை 2033 முடியும் வரை ஓடும். படத்தை அப்படியே திரையிடுவதற்கும், அதிலிருந்து அவரை மட்டும் வெட்டியெடுத்துக் குவளையிலோ பள்ளிப் பையிலோ ஒட்டுவதற்கும் நடுவில் ஒரு வழக்கே இருக்கிறது. ஒரு நிறுவனம் பொதுவாகிவிட்ட பழைய விளம்பரப் போஸ்டர்களிலிருந்து ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ பாத்திரங்களையும் டாம் அண்ட் ஜெரியையும் எடுத்து சட்டை, பொம்மை என்று விற்றது. 2011-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பின் சாரம்: போஸ்டரைப் போஸ்டராகவே மறுபதிப்புச் செய்துகொள்ளலாம், படத்தை வெட்டி, ஒட்டி, வசனம் சேர்த்து, பொம்மையாக வார்த்தால் இன்னும் உயிரோடிருக்கும் திரைப்பட உரிமையில் கை வைத்ததாகும்.

பாப்பாயும் இதே கணக்கில் வருபவர். 2025-இல் பொதுவானது 1929-இன் பத்திரிகைச் சித்திரத் தொடரில் வந்த பாப்பாய். திரையில் அவர் நடமாடியது 1933-இல். அவருடைய அந்தப் பிரபலமான பாட்டும் அந்த வருடத்தது. அதைப் பின்னணியில் ஓடவிட்டு ரீல் போட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

ஒரு கோப்பு கைக்கு வந்தால் நான் எப்படிப் பார்க்கிறேன் என்பதைச் சொல்கிறேன். முதலில் டைட்டில் அட்டையில் நிறுத்துவேன். அடியில் பொடி எழுத்தில், பெரும்பாலும் ரோமன் எண்ணில், உரிமை ஆண்டும் உரிமையாளர் பெயரும் இருக்கும். 1942 என்றால் அதோடு 28-ஐக் கூட்டி, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அச்சிட்ட பதிவுப் பட்டியலின் 1969, 1970 புதுப்பிப்புத் தொகுதிகளைத் திறப்பேன். ஸ்கேன் பிரதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படத்தின் பெயரிலும் கம்பெனியின் பெயரிலும் தேட வேண்டும். பதிவு இல்லை என்றால் அந்தப் பக்கங்களைப் பிரதியெடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்வேன். “நெட்ல பப்ளிக் டொமைன்னு போட்டிருந்துச்சு சார்” என்பது எந்த நீதிமன்றத்திலும் சாட்சியம் ஆகாது. ஏற்றியவர் யாரோ, அவர் போட்ட லேபிளுக்கு அவரே பொறுப்பேற்கமாட்டார்.

அடுத்து, அந்தப் பிரதி யாருடையது என்று பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிற்காலத்தில் வண்ணம் பூசியிருந்தால், அந்த வண்ண வடிவத்துக்குத் தனியே உரிமை பதியலாம் என்று அமெரிக்காவில் 1987-லேயே முடிவாகிவிட்டது. புதிய பின்னணி இசை, புதிய விவரணை சேர்த்திருந்தாலும் அப்படியே. நம்பகமான ஆவணக் காப்பகத்தின் பழைய பிரதியிலிருந்து வேலையைத் தொடங்குவதே உத்தமம். கம்பெனி வெளியிட்ட புளூ-ரேயை உடைத்து எடுத்துவிட்டு ‘பப்ளிக் டொமைன்’ என்று வாதாட வராதீர்கள்.

யூடியூப்காரர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கன்டென்ட் ஐடி கிளெய்ம் வேறு, காப்பிரைட் ஸ்டிரைக் வேறு. கிளெய்ம் என்பது, உரிமையாளர்கள் கொடுத்து வைத்த படங்களோடு உங்கள் வீடியோவை யூடியூபின் இயந்திரம் ஒப்பிட்டுப் போடுவது. பெரும்பாலும் விளம்பர வருமானம் திசைமாறும், அவ்வளவுதான். ஸ்டிரைக் என்பது உரிமையாளர் புகார் கொடுத்து வீடியோவை நீக்க வைப்பது. அது சேனலையே தூக்கும். 90 நாளுக்குள் மூன்று வந்தால் கதை முடிந்தது. பொதுவான படத்துக்குக் கிளெய்ம் வந்தால் மறுப்புத் தெரிவியுங்கள்; எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். மறுப்பில் ஒப்பாரி வைக்க வேண்டாம். படத்தின் பெயர், வெளியான தேதி, உரிமை முடிந்த காரணம், பிரதி எங்கிருந்து வந்தது, நான்கே வரி போதும். 2024 ஜனவரியில் ‘ஸ்டீம்போட் வில்லி’க்குப் புதிதாகக் குரல் கொடுத்து ஏற்றிய ஒரு அமெரிக்கக் குரல் நடிகருக்கே டிஸ்னி பெயரில் கிளெய்ம் வந்தது, அவர் மறுத்த பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. பொதுச்சொத்தைக் காட்டி கன்டென்ட் ஐடியில் உரிமை கோருவதற்கு யூடியூப் விதிகளிலேயே இடமில்லை. ஆனாலும் யாரோ ஒரு டிவிடி கம்பெனி கோரத்தான் செய்யும்.

சட்டப்படி ஏற்றலாம் என்பதற்காகக் காசு வந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிறர் படத்தை அப்படியே ஏற்றினால் ‘மறுபயன்பாடு’ என்று சொல்லி வருமானத்தை நிறுத்துவார்கள். நீங்கள் தமிழில் எழுதி, குரல் கொடுத்தால் அது உங்கள் சொந்தச் சரக்கு. அந்த வசனத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் உங்களுக்கே பதிப்புரிமை. குரல் கொடுத்தவர்களிடம் ஒரு பக்க ஒப்பந்தமாவது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சேனல் வளர்ந்த பிறகு ‘என் குரல், என் பங்கு’ என்று நண்பரே வந்து நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தியச் சட்டம் இன்னொரு கணக்கு. 1957 சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி திரைப்படத்துக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. அப்படியானால் 1940-இல் வந்த டாம் அண்ட் ஜெரியின் முதல் படத்துக்கு இங்கே 2000-லேயே முடிந்துவிட்டதே என்று ஒரு நண்பர் சட்டப் புத்தகத்தோடு வந்தார். படம் என்ற அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் 13-ஆம் பிரிவு, படத்துக்குள் இருக்கும் இசைக்கும் ஓவியத்துக்கும் தனி உரிமை உண்டு என்கிறது. அவற்றுக்குப் படைத்தவர் ஆயுளோடு 60 ஆண்டு. இசையமைத்த ஸ்காட் பிராட்லி 1977-இல் இறந்தார். பாத்திரங்களைப் படைத்த ஹன்னா 2001-இலும் பார்பெரா 2006-இலும். கூட்டிப் பாருங்கள். போதாக்குறைக்கு யூடியூப் அமெரிக்க நிறுவனம்; அங்கே அந்த முதல் படத்துக்கு 2035 முடிய உரிமை இருக்கிறது. அமெரிக்காவில் முடிந்துவிட்ட படத்துக்கு மட்டும் நமக்கு நிம்மதி: சொந்த நாட்டில் காலம் முடிந்தால் இங்கேயும் அதற்கு மேல் நீளாது.

ஏற்றுமதிக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். ஒரு பின்னலாடை நிறுவனம் எடுத்து வந்த பர்ச்சேஸ் ஆர்டரின் கடைசிப் பக்கத்தில், டிசைனால் எந்த அறிவுசார் சொத்துப் பிரச்சினை வந்தாலும் முழு நஷ்டமும் சப்ளையருடையது என்று ஒரு பத்தி. டிசைன் அனுப்பியது சரக்கை வாங்கும் பையர், மாட்டுவது தைத்தவர். சரக்கு போகும் இடம் ஜெர்மனி. ஐரோப்பிய நாடுகள் பொதுவாக அமெரிக்கப் படைப்புக்கு அங்கே முடிந்தால் தங்கள் நாட்டிலும் முடிந்தது என்று விட்டுவிடும். ஜெர்மனி மட்டும் 1892-இல் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தால் அந்தச் சலுகையைத் தருவதில்லை. ‘ஸ்டீம்போட் வில்லி’யை இயக்கிய இருவரில் பிந்தி இறந்த ஐவர்க்ஸ் மறைந்தது 1971. ஜெர்மனியில் படைத்தவர் இறந்த பிறகும் 70 ஆண்டு உரிமை உண்டு. அதாவது நியூயார்க்கில் தாராளமாக விற்கும் 1928 மிக்கி, ஜெர்மனியில் 2041 முடிய ஆபத்தான சரக்கு. அந்தப் பத்தியைத் திருத்தாமல் ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

குழந்தைகள் சேனல் நடத்துபவர்கள் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். சூப்பர்மேன் வரிசையிலேயே 1942-இன் ‘ஜபோட்டியர்ஸ்’ போர்க்காலப் பிரச்சாரம். ஜப்பானியரைக் கேவலமாகச் சித்திரிக்கிறது. கறுப்பினத்தவரைக் கிண்டலடிக்கும் காட்சிகள் அக்காலப் படங்களில் ஏராளம். சட்டம் தடுக்காது, ஆனால் அதற்குத் தமிழில் வசனம் எழுதுவது நீங்கள்.

இனி வரப்போவதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் அமெரிக்கக் கணக்கு, எல்லாம் ஜனவரி 1. 2028-இல் கூஃபியின் முதல் உருவம். 2029-இல் மூன்று பன்றிக்குட்டிகள், கூடவே திரையில் நடமாடும் பாப்பாய். 2030-இல் டொனால்ட் டக். 2033-இல் ஸ்னோ ஒயிட், 2034-இல் சூப்பர்மேன், 2036-இல் பக்ஸ் பன்னியும் டாம் அண்ட் ஜெரியும். ஒவ்வொன்றிலும் வருவது அந்தந்த ஆண்டின் உருவம் மட்டுமே. 1934 டொனால்டுக்கு அலகு இன்றைக்கு இருப்பதைவிட நன்றாக நீளம். இன்று கடையில் தொங்கும் டொனால்டைப் பார்த்து வரைந்து 2030-இல் அச்சடித்தால் நோட்டீஸ் வரத்தான் செய்யும்.