மூடிச் சேர்த்தல்: ‘பள்ளி ஒருங்கிணைப்பு’ என்று எழுதுவது ஏன் தவறு

2025 ஜூன் 16 அன்று உத்தரப் பிரதேச அடிப்படைக் கல்வித் துறை ஓர் உத்தரவு போட்டது. 50 பேருக்கும் குறைவாகப் படிக்கும் பள்ளிகளின் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றுவது அதன் சாரம். அதைத் தமிழில் ‘பள்ளிகள் ஒருங்கிணைப்பு’ என்று படித்தபோது எரிச்சலாக இருந்தது. இதே விஷயத்துக்கு இதே சொல்லைப் பலமுறை பார்த்தாயிற்று. ஒரு மொழிபெயர்ப்பில் ‘பள்ளிகளின் பகுத்தறிவாக்கம்’ என்றே போட்டிருந்தார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. மெர்ஜர், முக்கு அல்லது அமிழ்த்து என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. கன்சாலிடேஷன், கெட்டியாக்குவது. ரேஷனலைசேஷனுக்கு வேர் ரேஷியோ, அதாவது கணக்கு. உ.பி. அரசு வைத்த பெயர் ‘பேரிங்’, ஜோடி சேர்ப்பது. இந்திப் பத்திரிகைகள் ‘விலய்’ என்று எழுதின. கரைந்து ஒன்றாவது என்று பொருள். வேர்க்கதை இவ்வளவு போதும்.

இனி ஒருங்கிணைப்புக்கு வருவோம். ஒருங்கு என்றால் ஒருசேர. இணை என்றால் ஜோடி. இணையடி என்றால் இரண்டு திருவடிகளும். பலரையும் ஒரு காரியத்துக்காகச் சேர்ந்து இயங்க வைப்பவரை ஒருங்கிணைப்பாளர் என்கிறோம். அவர் வேலை செய்தால் யாரும் காணாமல் போவதில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்பது தமிழ்நாட்டில் ஒரு திட்டத்தின் பெயராகவே இருக்கிறது. பள்ளிகளை மூடுவதற்கும் அதே சொல்லை எழுதினால் எதைச் சொல்கிறோம் என்று யாருக்குப் புரியும்? ஐந்து பிள்ளைகள் படித்த பள்ளிக்குப் பூட்டு போட்டு, அந்த ஐவரையும் அடுத்த ஊருக்கு நடக்கச் சொல்வதில் எது எதோடு ஒருங்கிணைந்தது?

சரி, ஒருங்கு வேண்டாம், வெறும் ‘இணைப்பு’ போதாதா என்று கேட்பார்கள். இது கொஞ்சம் வலுவான வாதம். வங்கிகள் இணைப்பு என்று எல்லோரும் சொல்கிறோம். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தபோது ஒரு பெயர் மறைந்துதான் போனது. அதை இணைப்பு என்று எழுதியதில் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் வங்கியில் சேர்ந்தவை கணக்குகள். பள்ளியில் இடம் மாறுவது ஆறு வயதுக் குழந்தையின் கால். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தது என்கிறோமே, அதில் மண்ணும் மக்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மின் இணைப்பு, எரிவாயு இணைப்பு, இணைப்புச் சாலை என்று எதை எடுத்தாலும் இரண்டு முனையும் இருக்கும், நடுவில் தொடர்பு வரும். பள்ளி விஷயத்தில் ஒரு முனையே போய்விடுகிறது. அந்தப் பாதியைச் சொல்லாத சொல் அரைச் செய்திதான்.

தூரம் சின்ன விஷயம் இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் 1 முதல் 5ஆம் வகுப்பு வரையான பிள்ளைக்கு 1 கி.மீ.க்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. உ.பி. உத்தரவை எதிர்த்து அங்குள்ள சீதாப்பூர் மாவட்டப் பிள்ளைகளின் சார்பில் வழக்குப் போட்டபோதும் இந்தத் தூரம்தான் பேச்சு. அப்புறம் ஜூலை கடைசியில் அந்த அரசே, 1 கி.மீ.க்கு மேல் போக வேண்டியிருந்தால் சேர்க்க மாட்டோம் என்று சொல்ல வேண்டி வந்தது.

அரசுத் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது அதே சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பையும் இருவரே, சில இடங்களில் ஒருவரே, நடத்துவது பெரும்பாடு. மூடுவதற்குக் காரணம் இருந்தால் மூடுகிறோம் என்று சொல்லிவிட்டு அந்தக் காரணத்தைச் சொல்லட்டும்.

ரேஷனலைசேஷனைப் ‘பகுத்தறிவாக்கம்’ ஆக்கியது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, அது பிழை. ஆசிரியர்களிடம் கேட்டிருந்தால் ‘பணி நிரவல்’ என்ற அருமையான சொல் கிடைத்திருக்கும். மேட்டு மண்ணை எடுத்துப் பள்ளத்தில் போட்டு வயலை நிரவுவது போல, உபரி ஆசிரியரை ஆள் குறைந்த பள்ளிக்கு அனுப்புவது. அலுவலகத் தமிழில் இவ்வளவு பொருத்தமாக அமைந்த சொற்கள் குறைவு. பள்ளியையே மூடுவதற்கு இது பொருந்தாது. நிரவிய பிறகும் வயல் இருக்கும்.

வேறு மொழிக்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஜப்பானியர் ‘தோஹைகோ’ என்கிறார்கள். அதன் மூன்று எழுத்துகளில் நடுவில் இருப்பதற்கு ஒழித்தல் என்று பொருள். சீனாவில் 2001இல் வேகமெடுத்து 2012இல் நிறுத்திவைக்கப்பட்ட திட்டத்தின் பெயர், கற்பிக்கும் இடங்களை அகற்று, பள்ளிகளைச் சேர் என்று இரண்டையும் வெளிப்படையாகச் சொன்னது.

நமக்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. “எங்க ஊர் ஸ்கூல மூடிட்டு பக்கத்து ஊரோட சேத்துட்டாங்க” என்றுதான் கிராமத்தில் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்து மூடிச் சேர்த்தல் என்று எழுதலாம். பெயராக வேண்டுமென்றால் மூடிச் சேர்ப்பு. தலைப்பில் நீளும் என்று பத்திரிகை உதவி ஆசிரியர்கள் சொல்லக்கூடும். எழுத்தை எண்ணினால் ஒருங்கிணைப்புக்கும் இதற்கும் ஏழுதான். இதில் தனித்தமிழ்ப் பிடிவாதம் ஒன்றுமில்லை, ஸ்கூல் என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். அரசின் அறிக்கை எந்தச் சொல்லோடு வருகிறதோ அதற்கு அகராதியில் முதலில் கிடைத்ததைப் போட்டு அனுப்பும் பழக்கம்தான் வருத்துகிறது. குறைப்பதைச் சீரமைப்பு என்றும், விற்பதைப் பங்கு விலக்கல் என்றும் எழுதுவதெல்லாம் இதே பழக்கம்தான். மொழிபெயர்ப்பவர் ஊரில் என்ன நடந்தது என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதினால் பாதிச் சொற்கள் தானாகவே கிடைத்துவிடும்.

அந்த உ.பி. செய்தியின் தலைப்பு இப்படி இருந்திருக்கலாம்: ‘50 பேருக்குக் குறைவான பள்ளிகளை மூடிச் சேர்க்க உத்தரவு’. ஜூலை 24 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற அமர்வு சீதாப்பூரில் இருந்த நிலையே தொடரட்டும் என்று சொன்னதற்கு, ‘சீதாப்பூரில் பள்ளிகள் மூடிச் சேர்ப்பு நிறுத்திவைப்பு’.