'40 வாட்டுக்கு மேல் வேண்டாம்' என்பது ஏன்?

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில் ஒரு மேஜை விளக்கு இருந்தது. தகரக் குடையின் உள்பக்கம் 'அதிகபட்சம் 40 வாட்' என்று ஒட்டியிருந்ததை யாரும் கவனித்ததில்லை. பரீட்சை நேரத்தில் வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் குண்டு பல்பை மாட்டினேன். ஒரு மாதம் நன்றாகத்தான் எரிந்தது. அப்புறம் ஒரு ராத்திரி பொசுங்கல் வாடை. காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹோல்டரைக் கழற்றினால், வயரின் மேலுறை விரல் பட்டதுமே அப்பளம் போல நொறுங்கியது. உள்ளே செம்புக் கம்பிகள் வெறுமனே கிடந்தன, இரண்டுக்கும் நடுவே ஒரு நெல்மணி இடைவெளி.

கரண்ட் அதிகமாகி வயர் தாங்கவில்லை என்றுதான் பலரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. அந்த மெல்லிய வயரே அதைத் தாராளமாகத் தாங்கும். தாங்காதது சூடு.

குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸில் எரிகிறது. 100 வாட்டில் ஏறக்குறைய 5 வாட்தான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், மற்றதெல்லாம் சூடு. பல்பு திறந்தவெளியில் தொங்கினால் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். குடைக்குள் தலைகீழாகத் தொங்கும்போது, சூடான காற்று மேலே ஏறி நேராக ஹோல்டரில்தான் போய் அடைகிறது. சாதாரண பிவிசி வயர் உறை 70 டிகிரி வரைக்கும்தான். அதைத் தாண்டினால் உறைக்கு நெகிழ்ச்சி தரும் பொருள் நாளுக்கு நாள் ஆவியாகி, உறை விறைத்துப்போகும். ஒரு மாதம் ஒன்றும் தெரியாமல் இருந்தது இதனால்தான். எத்தனை வாட் வரை ஹோல்டரும் வயரும் குடையும் இந்தச் சூட்டைப் பொறுக்கும் என்பதைத்தான் அந்த ஸ்டிக்கர் சொல்கிறது.

நம் தர்மபுரிப் பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி கதகதப்பு வேண்டும் என்று தகர மூடிக்குள் குண்டு பல்புதான் போடுவார்கள். அங்கே எல்.இ.டி. போட்டால் குஞ்சுகள் குளிரில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கும்.

மேஜை விளக்குக்கோ எல்.இ.டி.தான் சரி. அட்டைப்பெட்டியில் '60 வாட்டுக்கு இணை' என்று இருந்தால், அது வெளிச்சத்தின் ஒப்பீடு. விளக்கின் வரம்போடு ஒப்பிட வேண்டியது பல்பு உண்மையில் இழுக்கும் வாட்டை, அதாவது பெட்டியில் தனியே போட்டிருக்கும் 9 வாட்டை. 40 வாட் விளக்கில் அதைத் தைரியமாக மாட்டலாம்.

ஆனால் நாலாபக்கமும் மூடிய கண்ணாடிக் கூண்டில் எல்.இ.டி.க்கும் சிரமம் உண்டு. அதன் சூடு பல்பின் அடிப்பகுதியில் சேர்கிறது, மின்சுற்றும் அங்கேதான் இருக்கிறது. அதிலுள்ள கெப்பாசிட்டரின் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் சிறு பாகம்) ஆயுள், சூடு 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகும். அங்கே மூடிய விளக்குக்கு ஏற்றது என்று பெட்டியில் குறிப்பிட்ட பல்பையே வாங்குங்கள்.

பழைய விளக்கில் ஸ்டிக்கர் இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஹோல்டரைப் பாருங்கள். பழுப்பேறியோ வயர் விறைத்தோ இருந்தால், பல்பை மட்டும் மாற்றினால் போதாது. பாட்டி விளக்குக்கு ஹோல்டர், வயர் இரண்டையும் மாற்றி, 7 வாட் எல்.இ.டி. போட்டோம். இரண்டு மணி நேரம் எரிந்த பிறகு குடையைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான்.