மோப்பமிழப்பு: மூக்குக்கு எதற்கு 'நுகர்வு'?

பார்க்கின்சன் நோயாளிகளுக்கென்று அச்சடிக்கும் துண்டறிக்கைகளில் 'நுகர்வுத்திறன் குறைதல்' என்றொரு வரி வந்துவிடுகிறது. கை நடுக்கம், உடல் விறைப்பு, மலச்சிக்கல் என்று எல்லாருக்கும் புரிகிற பட்டியலுக்கு நடுவே அது மட்டும் புரியாமல் நிற்கும். செல்லூரில் பக்கத்து வீட்டம்மா, கணவருக்காக வாங்கி வந்த தாளை என்னிடம் நீட்டினார். "அண்ணே, நுகர்வு குறையும்னு போட்டிருக்கு. இவரு தட்டு நிறையத்தானே சாப்பிடுறாரு?" அவர் பட்டம் படித்தவர். தாளைச் சரியாகத்தான் படித்தார். அந்தச் சொல்லுக்கு இன்று நாட்டில் என்ன பொருளோ, அந்தப் பொருளைத்தான் எடுத்துக்கொண்டார்.

தாள் சொல்ல வந்தது மூக்கு மணம் அறிவதைப் பற்றி. அந்தத் திறன் அடியோடு போவதற்கு மூலச்சொல் அனோஸ்மியா. கிரேக்கத்தில் 'அன்' என்றால் இல்லை, 'ஒஸ்மே' என்றால் மணம். அடியோடு போகாமல் மங்கிப்போனால் ஹைப்போஸ்மியா. ஆஸ்மியம் என்ற உலோகத்துக்கும் இதே வேர்தான். அதன் ஆக்சைடு மூக்கைப் பிடுங்கும். சொற்பிறப்பு அவ்வளவே.

உடல் அசைவைப் பாதிக்கும் இயக்கக் கோளாறுகளில் இந்தச் சொல்லுக்கு உள்ள எடை பலருக்குத் தெரிவதில்லை. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதன்முதலில் விவரித்தபோது, புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்றுதான் எழுதினார். மூக்கை முறையாகச் சோதித்த ஆய்வுக் கட்டுரை வர 1975 ஆயிற்று. இன்றைக்கு நிலைமை தலைகீழ். இந்த நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு மணம் அறிவது குறைந்திருக்கிறது, அதுவும் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் கட்டிதட்டுவது மூளையில் முதலில் தென்படும் இடங்களில் ஒன்று, மூக்கிலிருந்து வரும் நரம்புகள் போய்ச் சேரும் குமிழ் என்று பிராக் என்ற ஜெர்மன் அறிஞரின் குழு 2003இல் சொன்னது. 2015இல் வந்த பன்னாட்டு நோயறி விதிகளிலும் மண உணர்விழப்பு ஒரு துணைச் சான்று. குடும்பவழியாக வரும் சாதாரண நடுக்கத்தில் மூக்கு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆகவே இரண்டையும் பிரித்தறிய மருத்துவருக்கு இது கை கொடுக்கிறது. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையில் விறைப்பு விடும், மூக்கு மீளாது. இத்தனையும் ஒரு சொல்லுக்குள் இருக்க, அந்தச் சொல்லே புரியாவிட்டால் எப்படி?

சரி, என்னென்ன சொல் புழங்குகிறது? 'மணமின்மை' என்பார்கள். கிரேக்கத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதுதான் வரும். ஆனால் மணமின்மை பூவின் குறை, மோப்பவரின் குறை அல்ல. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நேற்றைய மல்லியை எடுத்துக் காட்டி 'மணமில்லை' என்றால் கடைக்காரர் சண்டைக்கு வருவார்; மூக்கு டாக்டரிடம் போகச் சொல்ல மாட்டார். 'நாற்றமறியாமை' என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய தமிழில் நாற்றம் நல்ல சொல்தான். நம் பக்கத்துத் திருவில்லிபுத்தூர் ஆண்டாளே 'கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ' என்று கேட்டவர். இன்றைக்கு டவுன் பஸ்ஸில் அப்படிக் கேட்டுப் பாருங்கள். குறளில் 'கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்' என்ற இடத்தில் உயிர்த்தல் என்றாலே மோத்தல்தான். எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் நோயாளியின் தாளில் 'உயிர்ப்பிழப்பு' என்று போட்டால் வீட்டில் ஒப்பாரி வைத்துவிடுவார்கள்.

இப்போது நுகர்வுக்கு வருகிறேன். கண் பார்க்கும், மூக்கு நுகரும் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே என்பார்கள். படித்தோம். ஆனால் நுகர்தலின் அடிப்பொருள் துய்த்தல், அனுபவித்தல். இன்பத்தை நுகரலாம், வினைப்பயனை நுகரலாம், செல்வத்தை நுகரலாம். மூக்கு அதில் ஓரமாக ஒட்டிக்கொண்ட பொருள். அந்த ஓரத்தையும் 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கடைவீதி எடுத்துக்கொண்டது. ரேஷன் அரிசி மூட்டையில் பார்த்தால் நுகர்பொருள் வாணிபக் கழகம். ஏமாந்தவர் ஏறும் படி நுகர்வோர் குறைதீர் ஆணையம். மின்வாரியம் பேசுவது மின் நுகர்வு. இத்தனைக்கும் நடுவில் 'நுகர்வுக் குறைபாடு' என்று எழுதினால், அதற்கு மருந்துச் சீட்டு வேண்டுமா மனு வேண்டுமா? 'நுகர்ச்சி' என்று விகுதியை மாற்றிப் போட்டாலும் தீராது, வேர் அதேதான். நுகர் தூய தமிழ்தானே என்று வாதாடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தூய்மையில் குறையில்லை, துலக்கத்தில்தான் குறை. நோயாளியின் தாளுக்குத் துலக்கம் முதலில் வேண்டும்.

மோப்பம் என்ற சொல் கையருகிலேயே இருக்கிறது. 'பால் திரிஞ்சிருச்சா, மோந்து பாரு' என்று மதுரையில் எந்த அடுப்படியிலும் கேட்கலாம். பிறகு ஏன் தயங்குகிறார்கள்? நாய்க்குச் சொல்கிற சொல்லாம். காவல்துறையின் மோப்ப நாய் வந்து அந்தச் சொல்லையே கவ்விக்கொண்டு போய்விட்டது போலப் பேசுகிறார்கள். 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்ற குறளில் நாய் எங்கே வந்தது? பேரப்பிள்ளையை உச்சிமோந்து கொஞ்சும் பாட்டி யாரை மோக்கிறாள்? முகர்தல் என்பதும் நல்ல சொல்தான், மேடையில் சொல்லலாம். ஆனால் நோயாளியின் வாயில் தானாக வருவது மோந்து பார்ப்பதுதான். ஆகவே அறவே போனால் மோப்பமிழப்பு, மங்கினால் மோப்பக்குறை.

சுவையில் இதைவிடக் குழப்பம். 'சுவையின்மை' என்று அடுத்த வரியில் போடுகிறார்கள். நாக்கு சுவை அறியாமல் போவதைக் குறிக்கும் அகியூசியா என்ற சொல்லுக்கு அது பொருந்தும், நோயாளி சொல்வதற்குப் பொருந்தாது. 'வாய்க்கு ருசியே இல்ல, எதைத் தின்னாலும் சப்புன்னு இருக்கு' என்று அவர் சொல்லும்போது, பெரும்பாலும் நாக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் போட்ட கேசரி ஒரு வாய் மெல்லுங்கள். இனிப்பு தெரியும், ஏலக்காய் தெரியாது. மூக்கை விட்டதும் ஏலம் தொண்டைப் பக்கமிருந்து மேலே ஏறி வரும். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலவே. சீரகமும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் மூக்கின் சொத்து. ஆகவே நாக்கோடு நிற்பதற்குச் சுவை, நாக்கும் மூக்கும் சேர்ந்து தருவதற்கு ருசி என்று பிரித்துக்கொள்வோம். ருசி வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். 'சுவைமணம்' என்று கட்டிப்போட்ட சொல்லை எந்த வீட்டிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தத் தாள்களை மொழிபெயர்ப்பவர்கள் ஒரு நோயாளியிடம் படித்துக்காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுத்தால் பாதித் தொல்லை போய்விடும். அகராதியைத் திறந்து முதலில் கிடைப்பதைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பார்க்கின்சனுக்கு நடுக்குவாதம் என்று வரவேண்டிய இடத்தில் முடக்குவாதம் என்று அச்சாகி, மூட்டுவலிக்காரர்கள் பதறியதுகூட நடந்திருக்கிறது. மருத்துவர்களும் 'வாசனை தெரியுதா?' என்று கேட்டுவிட்டு, 'தெரியுது' என்ற பதிலோடு விட்டுவிடக் கூடாது. மோப்பம் குறைந்திருப்பதே இந்த நோயாளிகளில் பலருக்குத் தெரியாது. மோப்பத்தைச் சோதிக்கும் கேள்வித்தாளில் உள்ள அயல்நாட்டுப் பண்டங்களைக் கேட்பதை விட்டு, காப்பித்தூளையோ கிராம்பையோ மல்லியையோ கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே நீட்டலாம்.

பக்கத்து வீட்டம்மாவின் தாளில் அந்த வரியை அடித்துவிட்டு, மேலே பேனாவால் இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'மோப்பம் குறையும். அதனால் சாப்பாடு ருசிக்காது. உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ள விடாதீர்கள். கேஸ் கசிந்தாலோ குழம்பு ஊசிப்போனாலோ அவருக்குத் தெரியாது. வீட்டில் வேறு யாராவது மோந்து பார்க்க வேண்டும்.'