மூன்றாம் கண்: நெற்றிக்கண்ணா, அகக்கண்ணா?

'நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே' என்று நக்கீரர் வாதாடிய கதை தெரிந்ததுதான். அங்கே கண் திறந்தால் நெருப்பு வரும். காமனை எரித்ததும் அதே கண். ஆனால் தியானம் பழகுகிறவர்கள் 'மூன்றாம் கண் திறக்கும்' என்று கேட்டால் பயப்படுவதில்லை, ஆசையோடு உட்கார்கிறார்கள். அப்படியானால் இது வேறு கண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

சிவனின் கண் தமிழில் மிகப் பழையது. மற்ற வேந்தரைவிடப் பாண்டியன் நன்மாறன் உயர்ந்தவன் என்று காட்ட, அவனை அந்த நெற்றிக்கண்ணுக்கே ஒப்பிடுகிறது புறநானூற்றின் 55ஆம் பாடல். சிலப்பதிகாரத்தில் சிவன் 'நுதல்விழி நாட்டத்து இறையோன்'. நுதல் என்றால் நெற்றி. நாட்டம் என்றால் கண், பார்வை. இன்று விருப்பம், ஈடுபாடு என்ற பொருளில் புழங்குவதும் இதே சொல்தான்.

தியானக்காரர்களின் கண் யோக நூல்களிலிருந்து வருகிறது. உயிராற்றல் குவியும் இடங்களைச் சக்கரம் என்பார்கள்; புருவ நடுவில் இருப்பதாக அவை சொல்லும் சக்கரத்துக்கு ஆக்ஞை என்று பெயர். வடசொல்; பொருள், ஆணை. திருமந்திரம் அந்த இடத்தை 'நெற்றிக்கு நேரே புருவத்து இடைவெளி' என்கிறது. அதை 'உற்றுற்றுப் பார்க்க' வேண்டுமாம். திறக்கச் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொல்கிறது.

செய்முறையும் அவ்வளவுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, கவனத்தைப் புருவ நடுவில் வைப்பது. நழுவினால் மறுபடி கொண்டுவந்து வைப்பது. விழிகளை வலிந்து மேலே செருகினால் தலைவலிதான் மிச்சம்.

பீனியல் சுரப்பிதான் அந்தக் கண் என்ற பேச்சு, 19ஆம் நூற்றாண்டில் பிரம்மஞான சபையினர் (தியசாபிகல் சொசைட்டி) எழுதியதிலிருந்து பரவியது. அந்தச் சுரப்பி மூளையின் நடுவே ஆழத்தில் இருக்கிறது, தூக்கத்தை ஒழுங்குபடுத்தும் மெலடோனினைச் சுரக்கிறது. சில பல்லி இனங்களுக்கு உச்சந்தலையில் ஒளியை உணரும் கண் உண்மையாகவே உண்டு. நமக்கு இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தியானம் 'நினைத்தல்' என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது. அதே சொல் பௌத்தத்தோடு பயணம் போய்ச் சீனத்தில் சான், ஜப்பானில் ஜென் ஆனது. தனித்தமிழ் அன்பர்கள் ஊழ்கம் என்பார்கள். தேவாரத்தில் வரும் 'உள்குதல்', அதாவது உள்ளத்தில் நினைத்தல், எனக்கு இன்னும் பிடிக்கும். மூன்றாம் கண்ணுக்கு ஞானக்கண் என்றால் பாதி வடமொழி. அகக்கண் முழுத்தமிழ், புறக்கண்ணுக்கு இணை. 'அகக்கண் திறந்தது' என்று சொன்னால் விளக்கமே வேண்டாம். பயிற்சியைச் சொல்ல 'புருவ நடுவில் நாட்டம் வைத்தல்' போதும். கண், கவனம் இரண்டும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

'நெற்றிக்கண்ணைத் திறந்துவிட்டேன்' என்று மட்டும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். யார் மேல் கோபம் என்று கேட்பார்கள்.